அரசுப் பள்ளியும் தனியார் பள்ளியும் ஒரே கோப்பைக்கு ஆடுவது முறையா? மாவட்ட வாலிபால் இறுதி ஆட்டத்துக்குப் பிறகு எழுதுகிறேன்

வாலிபால் வாத்தியார் (இழையைத் தொடங்கியவர்) | சனி இரவு 9:12

எல்லோருக்கும் வணக்கம். திண்டுக்கல் மாவட்டத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறேன். என் பள்ளியின் பெயரையோ, எங்களுடன் ஆடிய பள்ளியின் பெயரையோ இங்கே எழுத மாட்டேன். தயவுசெய்து யாரும் கேட்க வேண்டாம்.

போன வாரம் மாவட்ட அளவில் 17 வயதுக்குட்பட்ட பெண்கள் வாலிபால் இறுதி ஆட்டம். எங்கள் பிள்ளைகள் குறுவட்டத்தில் (பக்கத்துப் பள்ளிகளுக்குள் நடக்கும் முதல் கட்டப் போட்டி) ஜெயித்து முதல்முறையாக அதுவரைக்கும் வந்திருந்தார்கள். எதிரில் ஒரு தனியார் பள்ளி. முதல் செட் 25-11, இரண்டாவது 25-9. தோல்வி எனக்குப் புதிது அல்ல. ஆனால் எதிரணியில் இறங்கிய ஆறு பேரில் அந்த ஊர்ப் பிள்ளை ஒருத்திதான். நான்கு பேர் வேறு மாவட்டங்களிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிப்பவர்கள். மிச்சம் ஒருத்தி, அவர்களுடைய செட்டர், எட்டாம் வகுப்பு வரை என்னிடம் இருந்தவள். இரண்டு வேப்ப மரத்துக்கு நடுவில் கிணற்றுக் கயிற்றைக் கட்டி, அதையே நெட்டாக வைத்து அவளுக்குப் பந்து தூக்கிவிடப் பழக்கினேன்.

போன ஜூன் மாதம் அவளுடைய அம்மா டி.சி. கேட்டு வந்தார். "ஃபீஸ் கிடையாது சார், தங்க இடம், மூணு வேளை சாப்பாடு, ஷூ எல்லாம் அவங்களே தர்றாங்க. நீங்க தப்பா நினைக்காதீங்க" என்று கண் கலங்கினார். தலைமையாசிரியரிடம் நானே பேசி அன்றைக்கே வாங்கிக் கொடுத்தேன். அது சரி என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஆட்டம் முடிந்ததும் அவள் ஓடி வந்து, "ராத்திரியும் முட்டை, பால் குடுக்கிறாங்க சார்" என்றாள். நாலு விரற்கடை வளர்ந்திருக்கிறாள்.

என்னிடம் இருக்கிற பிள்ளைகளுக்கு நான் என்ன சொல்வது? இந்தச் சான்றிதழ்களை வைத்துத்தான் பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டுக்கு 500 இடம், எம்.பி.பி.எஸ். படிப்பில் 7 இடம், அரசு வேலையில் 3 சதவீதம். மேல் மட்டத்துக்குப் போனால்தான் சான்றிதழுக்கு மதிப்பு ஏறும். ஊருக்குள் இருக்கிற பிள்ளைகளை வைத்து அணி கட்டும் பள்ளியும், மாநிலம் முழுக்கத் தேடி அணி சேர்க்கும் பள்ளியும் ஒரே வரிசையில் நிற்பது முறையா? அரசுப் பள்ளிகளுக்குத் தனிப் போட்டி கேட்கலாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கரிசல்காட்டான் | சனி இரவு 9:40

கேட்கத்தான் வேண்டும் சார். மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2020-இல் 7.5 சதவீதம் தனியாக ஒதுக்கினார்கள். அதுவரை ஒற்றை இலக்கத்தில் போய்க்கொண்டிருந்த பிள்ளைகள் அடுத்த கலந்தாய்விலேயே நூற்றுக்கணக்கில் உள்ளே போனார்கள். மைதானத்துக்கும் அதே கணக்குதான்.

நெட்டுக்கு அந்தப் பக்கம் | சனி இரவு 10:25

நான் தனியார் பள்ளிப் பயிற்சியாளர். உங்கள் மாவட்டம் இல்லை, ஆனால் நீங்கள் சொல்கிற மாதிரிப் பள்ளிதான். மறைக்க எதுவும் இல்லை. குறுவட்டப் போட்டி நடக்கும்போது நாங்கள் போய் உட்கார்ந்து பார்ப்போம். உயரமான பிள்ளை, கை வேகமான பிள்ளை என்று குறித்துக்கொள்வோம். பிறகு வீட்டுக்குப் போய்ப் பெற்றோரிடம் பேசுவோம்.

என் அணியில் இப்போது பன்னிரண்டு பேர். ஒன்பது பேருடைய வீட்டில் அப்பா இல்லை, அல்லது இருந்தும் வருமானம் இல்லை. காலை ஐந்தரைக்குப் பயிற்சி, மாலை நான்கு முதல் ஆறரை வரை பயிற்சி, இரவு படிப்பு. போன வருடம் இரண்டு பேர் விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி சேர்ந்தார்கள். அந்தப் பிள்ளைகள் தங்கள் ஊரிலேயே இருந்திருந்தால் பத்தாம் வகுப்போடு மில்லுக்குப் போயிருப்பார்கள். நிர்வாகம் இதைச் செய்வது அட்மிஷன் சமயத்தில் ஃபிளக்ஸில் படம் போடத்தான், அதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் அந்தப் பிள்ளையின் தட்டில் சோறு விழுகிறது.

தனிப் போட்டி வைத்தால் என்ன ஆகும் தெரியுமா சார்? உங்கள் பிள்ளைகள் பலமான அணியோடு மோதாமலே மாநிலச் சான்றிதழ் வாங்குவார்கள். கல்லூரி செலக்‌ஷனில் என் பிள்ளைகளோடு ஒரே கோர்ட்டில் நிற்கும்போது முதல் நாளே தெரிந்துவிடும்.

மூன்றாவது மாடி | சனி இரவு 10:51

அண்ணா, "தனியார்" என்று எல்லோரையும் ஒரே கட்டாகக் கட்டாதீர்கள். என் பையன் படிப்பது ஒரு சின்ன மெட்ரிக் பள்ளி. மூன்று மாடிக் கட்டடம், கீழே வேன் நிற்கிற இடம்தான் மைதானம். பிரேயரும் அங்கேதான், கபடியும் அங்கேதான். நான் தையல் வேலை பார்த்து ஃபீஸ் கட்டுகிறேன். பக்கத்து அரசு மேல்நிலைப் பள்ளிக்கு ஐந்து ஏக்கர் கிரவுண்ட் இருக்கிறது. தனியாகப் பிரித்தால் என் பையன் அந்த விடுதிப் பள்ளிகளோடுதான் காலம் முழுக்க மோத வேண்டும். இது எந்த நியாயம்?

வாலிபால் வாத்தியார் | சனி இரவு 11:03

அக்கா, நீங்கள் சொன்னது சரி. நான் அதை யோசிக்கவே இல்லை.

ஹாஸ்டல் பையன் | ஞாயிறு காலை 6:35

நானும் ஒன்று சொல்ல வேண்டும் சார். நான் எஸ்.டி.ஏ.டி. (தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம்) விளையாட்டு விடுதியில் ஏழாம் வகுப்பில் சேர்ந்தவன். பல மாவட்டத்துப் பையன்கள் செலக்‌ஷன் வழியாக வந்து ஒரே விடுதியில் தங்கினோம். அரசுப் பயிற்சியாளர், அரசுச் சாப்பாடு. நாங்கள் எல்லோரும் படித்தது பக்கத்து அரசுப் பள்ளியில். குறுவட்டத்தில் எங்களோடு மோதின மற்ற அரசுப் பள்ளிகள் ஒவ்வொரு வருடமும் முதல் சுற்றிலேயே வீட்டுக்குப் போனார்கள். ஒரு வாத்தியார் எங்கள் பி.டி. சாரிடம் வந்து, "உங்க பிள்ளைங்க ஆடுறதைப் பார்க்கச் சந்தோஷமாத்தான் இருக்கு, ஆனா எங்க பசங்க அடுத்த வருஷம் பேரே குடுக்க மாட்டேங்கிறாங்க" என்று சொன்னதைப் பக்கத்தில் நின்று கேட்டேன். அது இன்னும் காதில் இருக்கிறது.

அரசுப் பள்ளிகளுக்குத் தனிப் போட்டி வைத்தால் கோப்பை என்னைப் போன்ற விடுதிப் பையன்களுக்குத்தான் போகும். உங்கள் வேப்ப மரத்துப் பிள்ளைகள் அங்கேயும் தோற்பார்கள்.

கொலம்பஸ் அப்பா | ஞாயிறு காலை 8:10

நான் அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தில் இருக்கிறேன். சொந்த ஊர் ஒட்டன்சத்திரம் பக்கம். என் மகள் இங்கே அரசுப் பள்ளியில் வாலிபால் ஆடுகிறாள். இந்தச் சண்டை இங்கே பல வருடமாக நடக்கிறது, நீங்கள் கேட்கிற கேள்வியை அப்படியே கேட்டார்கள். அதனால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இங்கே அரசுப் பள்ளி என்றால் குடியிருக்கும் எல்லைதான் கணக்கு. இந்தத் தெருவில் வீடு இருந்தால் இந்தப் பள்ளி. தனியார் பள்ளிகள், பெரும்பாலும் கத்தோலிக்கப் பள்ளிகள், எங்கிருந்து வேண்டுமானாலும் பிள்ளைகளைச் சேர்க்கலாம். ஒவ்வொரு மாநிலமும் ஒரு வழி பிடித்தது. டெக்சஸில் அரசுப் பள்ளிகளுக்கான யு.ஐ.எல். அமைப்பு தனியார் பள்ளிகளைச் சேர்ப்பதே இல்லை. டல்லஸ், ஹூஸ்டன் நகரங்களில் உள்ள இரண்டு ஜெசூட் பள்ளிகளுக்கு மட்டும் விதிவிலக்கு. மற்ற தனியார் பள்ளிகளுக்கு வேறு அமைப்பு, வேறு கோப்பை.

இலினாய் வேறு மாதிரி. அங்கே மாணவர் எண்ணிக்கையை வைத்துப் பள்ளிகளைப் பிரிவு பிரிவாகப் பிரித்து ஆடவிடுவார்கள். 2005-இல் ஒரு விதி கொண்டுவந்தார்கள்: குடியிருப்பு எல்லை இல்லாத பள்ளியின் எண்ணிக்கையை 1.65-ஆல் பெருக்க வேண்டும். 600 பேர் படித்தால் 990 என்று கணக்கு, அதனால் பெரிய பள்ளிகளோடு மோத வேண்டிவரும். கவனியுங்கள், அந்த விதியில் "தனியார்" என்ற சொல் இல்லை. எல்லை இல்லாமல் பிள்ளைகளைச் சேர்க்கிற அரசுச் சிறப்புப் பள்ளிகளும் அதில் மாட்டும். ஹாஸ்டல் தம்பி சொன்ன பிரச்சினைக்கு அவர்கள் அப்போதே ஒரு பதில் வைத்திருந்தார்கள். ஆனால் மூன்றாவது மாடி அக்கா மாதிரி ஆட்கள் அங்கேயும் கேட்டார்கள்: எங்கள் சின்னப் பள்ளிக்கு ஏன் 1.65? நாங்கள் யாரையும் தேடிப் பிடிக்கவில்லையே?

ஒஹையோவில் 2011, 2012, 2013 மூன்று வருடமும் பள்ளி முதல்வர்கள் வாக்கெடுப்பில் ஒவ்வொரு திட்டமும் தோற்றது. 2014-இல் ஒன்று ஜெயித்தது, 2017-இல் நடைமுறைக்கு வந்தது. அது பள்ளியின் வகையைப் பார்த்துப் பெருக்குவதை விட்டுவிட்டது. அணியில் இருக்கிற ஒவ்வொரு பிள்ளையையும் தனித்தனியாகப் பார்க்கிறார்கள். தனியார் பள்ளி என்றால், இந்தப் பெண் ஏழாம் வகுப்பிலிருந்து இதே பள்ளி வழியில் வந்தவளா, இடையில் வெளியிலிருந்து வந்தவளா? அரசுப் பள்ளி என்றால், அவள் வீடு எல்லைக்குள் இருக்கிறதா? வெளியிலிருந்து வந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் எண். அது விளையாட்டுக்கு விளையாட்டு மாறும். அந்த எண்களைப் பள்ளியின் மாணவர் எண்ணிக்கையோடு கூட்டுவார்கள். கூடினால் மேல் பிரிவுக்குப் போக வேண்டும். வெளியிலிருந்து யாரையும் சேர்க்காத தனியார் பள்ளிக்கு எண்ணிக்கை ஏறாது. சேர்த்த அரசுப் பள்ளிக்கு ஏறும். இதனால் எல்லாம் தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். இன்னும் சண்டை ஓய்ந்தபாடில்லை. ஆனால் கேள்வி சரியான இடத்துக்கு வந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

நெட்டுக்கு அந்தப் பக்கம் | ஞாயிறு காலை 9:02

வீட்டுக்குப் போய்ப் பெற்றோரிடம் பேசுவதை அங்கே விடுவார்களா?

கொலம்பஸ் அப்பா | ஞாயிறு காலை 9:30

பெரும்பாலான மாநிலங்களில் கூடாது. விளையாட்டுக்காக ஆள் பிடிப்பது விதிமீறல். டென்னசியில் 1997-இல் ஒரு தனியார் பள்ளியின் ஃபுட்பால் (அமெரிக்க ஃபுட்பால், நம் கால்பந்து இல்லை) பயிற்சியாளர், அடுத்த வருடம் சேரவிருந்த எட்டாம் வகுப்புப் பையன்களுக்கு "வசந்தகாலப் பயிற்சிக்கு வாருங்கள்" என்று கடிதம் போட்டார். அதற்கு மாநிலப் பள்ளி விளையாட்டுச் சங்கம் தண்டனை கொடுத்தது. பிரென்ட்வுட் அகாடமி வழக்கு என்று அது உச்ச நீதிமன்றம் வரை இரண்டு முறை போனது. 2007-இல், சங்கத்தின் விதி செல்லும், பேச்சுச் சுதந்திரம் பறிபோகவில்லை என்று தீர்ப்பு வந்தது. ஒரு கடிதத்துக்குப் பத்து வருட வழக்கு.

அரசுப் பள்ளி என்றால் சுத்தம் என்றும் இல்லை. கலிஃபோர்னியாவில் டி லா சால் என்ற தனியார் பள்ளி 1992 முதல் தொடர்ந்து 151 ஃபுட்பால் ஆட்டம் ஜெயித்தது. 2004-இல் அதை நிறுத்தியது வாஷிங்டன் மாநிலத்தின் பெல்வியூ என்ற அரசுப் பள்ளி. எல்லோரும் கொண்டாடினோம். 2016-இல் அதே பெல்வியூ அணிக்கு, வீரர்களைச் சேர்த்ததில் விதிமீறல் என்று, இறுதிச் சுற்றுகளில் ஆடத் தடை போட்டார்கள். இன்னொரு பக்கம் நியூ ஜெர்சியில் செயின்ட் அந்தோணி என்ற ஏழைக் கத்தோலிக்கப் பள்ளி, சொந்தமாக ஓர் உள்ளரங்கம் இல்லாமலே கூடைப்பந்தில் இருபதுக்கும் மேற்பட்ட மாநிலப் பட்டங்கள் வாங்கியது. கடைசியில் பணம் இல்லாமல் 2017-இல் மூடிவிட்டார்கள்.

அரை நாள் ஆசிரியர் | ஞாயிறு காலை 11:18

எல்லோரும் இறுதி ஆட்டத்தைப் பற்றிப் பேசுகிறீர்கள். நான் போட்டிக்கே வராத பள்ளிகளைப் பற்றிச் சொல்கிறேன்.

2012-இல் 16,549 பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தார்களே, அதில் உடற்கல்விக்கு எடுத்த ஒருவன் நான். மாதம் 5,000 ரூபாய், வாரத்தில் மூன்று அரை நாள். அதற்குப் பிறகு சம்பளம் படிப்படியாகக் கொஞ்சம் ஏறியது, வேலை நிரந்தரம் ஆகவில்லை. மூன்று அரை நாளில் ஒரு வாலிபால் அணியை எப்படி உருவாக்குவது? நான் வராத நாளில் பி.டி. பீரியடைக் கணக்கு டீச்சர் எடுத்துக்கொள்வார். அவரைக் குறை சொல்லவில்லை, அவருக்குத் தேர்ச்சி சதவீதம் கேட்பார்கள். போட்டிக்கு அழைத்துப்போகும் பஸ் காசை முதலில் என் கையிலிருந்து போடுவேன், பிறகு பில் எழுதி வாங்க மாதக் கணக்கில் அலைவேன். பக்கத்து நடுநிலைப் பள்ளியில் நான் கூடக் கிடையாது. 2024-இல் கலைஞர் விளையாட்டு உபகரணங்கள் என்று 12,525 ஊராட்சிகளுக்கும் கொடுத்தார்கள். நல்ல விஷயம். எங்கள் ஊரில் அந்தப் பந்தை ஊராட்சி அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டும், அதுவும் பள்ளி விட்ட பிறகு. அந்த நேரத்தில் என் பிள்ளைகள் ஆடு பிடித்துக் கட்டப் போயிருப்பார்கள்.

தனியார் பள்ளி என் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகிறது என்று எனக்குக் கோபம் இல்லை. தூக்கிக்கொண்டு போகிற அளவுக்கு ஒரு பிள்ளையை வளர்க்க எனக்கு நேரம் தரவில்லையே என்றுதான் கோபம்.

கரிசல்காட்டான் | ஞாயிறு காலை 11:40

படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் எழுதத் தோன்றவில்லை சார்.

ஸ்பைக்ஸ் | ஞாயிறு மதியம் 1:05

தடகளத்தில் இந்தப் பிரச்சினை குறைவு. ஓட்டத்தில் யார் யாரைச் சேர்த்தாலும் கடிகாரம் ஒன்றுதான். மதுரை சக்கிமங்கலத்துப் பெண் ரேவதி வீரமணி வெறுங்காலோடு ஓடியதைப் பார்த்துத்தான் பயிற்சியாளர் கண்ணன் அவரைக் கூப்பிட்டுக் கல்லூரியில் இடம் வாங்கிக் கொடுத்தார். டோக்கியோ ஒலிம்பிக் வரைக்கும் போனார். குழு விளையாட்டில் அப்படி இல்லை. அணி வெளியேறினால் அதில் இருக்கிற நல்ல ஆட்டக்காரியும் சேர்ந்து வெளியேறுகிறாள். அவள் மாநிலப் போட்டியில் தலைகாட்டவே முடியாது. அதனால் இந்தப் பேச்சைக் குழு விளையாட்டோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

அப்புறம் ஒன்று. சென்னை கண்ணகி நகர் கார்த்திகாவை நினைத்துப் பாருங்கள். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் ஆசிய இளையோர் போட்டியில் கபடித் தங்கம். அந்தக் குடியிருப்பிலேயே, அங்கேயே இருக்கிற கபடிக் குழுவில் ஆடி வந்தவர். வேறு எங்கும் இடம்பெயராமல் வளர முடியும் என்பதற்கு அதைவிட என்ன வேண்டும்?

வாலிபால் வாத்தியார் | ஞாயிறு மாலை 5:20

காலையிலிருந்து எல்லாவற்றையும் இரண்டு தடவை படித்தேன். நான் கேட்ட கேள்வியே தப்பு என்று இப்போது தெரிகிறது. தனியாரா அரசா என்று கோடு போட்டால் மூன்றாவது மாடி அக்காவின் பையன் தவறான பக்கத்தில் மாட்டிக்கொள்கிறான், விடுதிப் பையன்கள் இன்னொரு தவறான பக்கத்தில் வருகிறார்கள். ஊரில் வளர்ந்த அணி, சேர்த்துக் கட்டிய அணி என்று கோடு போட வேண்டும்.

கொலம்பஸ் அண்ணன் ஒஹையோ கணக்கைச் சொன்னதும், இதையெல்லாம் இங்கே யார் சரிபார்ப்பது என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகுதான் பொறி தட்டியது. நம்மிடம் எமிஸ் (பள்ளிக் கல்வித் துறையின் கணினிப் பதிவு) இருக்கிறது. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் எண், டி.சி. கூட அதில்தான் போடுகிறோம். எந்த வருடம் எந்தப் பள்ளியில் படித்தாள் என்று ஒரு சொடுக்கில் வரும். என் செட்டர் எட்டாம் வகுப்பு எங்கே படித்தாள் என்பதை யாரும் மறைக்க முடியாது. நுழைவுப் படிவத்தில் எமிஸ் எண்ணைக் கேட்டு வாங்கினால் போதும்.

எனக்குத் தோன்றுவது இது. அணியின் பன்னிரண்டு பேரில், கடந்த இரண்டு கல்வியாண்டுக்குள் வேறு மாவட்டத்திலிருந்தோ வேறு குறுவட்டத்திலிருந்தோ வந்தவர்கள் மூன்று பேருக்கு மேல் இருந்தால் அது சேர்த்துக் கட்டிய அணி. மாவட்டத்தில் இரண்டு பட்டியல் வைக்கலாம். இரண்டிலும் முதலிடம் பிடித்தவர்கள் மாநிலத்துக்குப் போகட்டும். மாநிலத்தில் எல்லோரும் சேர்ந்தே ஆடட்டும்.

நெட்டுக்கு அந்தப் பக்கம் | ஞாயிறு மாலை 6:02

களத்தில் இத்தனை வெளியூர்ப் பிள்ளைகளுக்கு மேல் ஆடக்கூடாது என்று வரம்பு போடச் சொல்வீர்களோ என்று பயந்தேன். அப்படிப் போட்டால் முதலில் பெஞ்சில் உட்காருவது உங்கள் செட்டர்தான், அவள் என்ன தப்பு செய்தாள்? இரண்டு பட்டியல் என்றால் யாருக்கும் ஆட்டம் போகாது. மாநிலத்தில் சேர்ந்து ஆடுவது என்பதால், மோதாமலே சான்றிதழ் வாங்குவார்கள் என்று நான் சொன்ன குறையும் குறைகிறது. நான் ஆதரிக்கிறேன். என் நிர்வாகம் ஆதரிக்குமா என்று தெரியாது, ஃபிளக்ஸில் "மாவட்டச் சாம்பியன்" என்று இன்னொரு பள்ளியும் போடுவதை அவர்கள் விரும்ப மாட்டார்கள்.

ஆனால் குடும்பம் வேலைக்காக இடம்பெயர்ந்து வந்த பிள்ளைகளை இதில் எண்ணக்கூடாது. திருப்பூருக்குப் பிழைக்க வந்த குடும்பத்துப் பிள்ளையை "சேர்த்த ஆள்" என்று எழுதாதீர்கள்.

மூன்றாவது மாடி | ஞாயிறு மாலை 6:15

இதை நானே எழுத வந்தேன். நாங்கள் ராமநாதபுரத்திலிருந்து வந்தவர்கள். பெற்றோரோடு தங்கியிருந்தால் கணக்கில் சேர்க்கக் கூடாது, ரேஷன் கார்டு முகவரி போதும்.

அரை நாள் ஆசிரியர் | ஞாயிறு மாலை 6:48

ரேஷன் கார்டை எங்கள் ஊரில் பலர் மாற்றவே மாட்டார்கள் அக்கா. விடுதியில் இருக்கிறாளா, வீட்டிலிருந்து வருகிறாளா என்று கேட்டாலே போதும்.

இரண்டு பட்டியல் என்றால் கூடுதல் ஆட்டம், கூடுதல் நடுவர், கூடுதல் பஸ். அந்தக் காசு எங்கிருந்து வரும் என்பதையும் மனுவில் எழுதுங்கள். இல்லாவிட்டால் அது எங்கள் பையிலிருந்துதான் போகும். இரண்டாவதாக, உடற்கல்வி ஆசிரியர் இல்லாத பள்ளிகள் உங்கள் மாவட்டத்தில் எத்தனை என்று எண்ணி அதையும் சேருங்கள். அது இல்லாமல் இந்த மனு அரை மனு.

வாலிபால் வாத்தியார் | ஞாயிறு இரவு 8:30

இரண்டும் சேர்க்கிறேன் சார். வரும் வெள்ளிக்கிழமை மாவட்ட உடற்கல்வி ஆசிரியர்கள் கூட்டம் இருக்கிறது. புதன்கிழமைக்குள் வரைவு எழுதி இங்கே போடுகிறேன். ஒஹையோ விதியைத் தமிழில் ஒரு பக்கத்துக்குச் சுருக்கித் தர முடியுமா, கொலம்பஸ் அண்ணா? நெட்டுக்கு அந்தப் பக்கம் சார், விடுதிப் பிள்ளைகளின் தரப்பில் ஒரு பத்தி நீங்கள் எழுதினால் நல்லது. நான் எழுதினால் அது முழுசாக வராது.

கொலம்பஸ் அப்பா | ஞாயிறு இரவு 8:52

நாளைக்கே தருகிறேன்.

நெட்டுக்கு அந்தப் பக்கம் | ஞாயிறு இரவு 9:10

எழுதுகிறேன். என் பிள்ளைகளிடமும் கேட்டுவிட்டு எழுதுகிறேன். சார், உங்கள் பள்ளிக்கு ஒரு பழைய நெட் வேண்டுமா? எங்களிடம் இரண்டு சும்மா கிடக்கிறது, ஓரம் மட்டும் தைக்க வேண்டும்.

மூன்றாவது மாடி | ஞாயிறு இரவு 9:14

அனுப்புங்கள், நான் தைத்துத் தருகிறேன்.